தேதி வெட்டப்பட்ட பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

காலை ஏழுக்கே சுள்ளென்று வெயில். ஞாயிறு பேப்பருக்கான அறிவியல் பத்தி பாதியில் நிற்கிறது (இடி, மின்னல், இன்னும் 300 சொல்). கேஸ் புக் பண்ணணும். தெரியாத எண்களிலிருந்து இதுவரை ஒன்பது போன்.

ஒன்பதும் ஒரே கேள்விதான். காது கேளாதவர்களுக்குச் சொட்டு மருந்து வந்திருக்கிறதாமே, எங்கே கிடைக்கும்? முதல் ஆளிடம் ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மூன்றாவது ஆள் வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கே அனுப்பினார்.

என் பக்கம். போன வருடம் வந்த என் அறிவியல் புனைகதைத் தொகுப்பின் கடைசிப் பக்கம். கதை எழுத உட்காரும் முன் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: அந்தக் கதை நடக்கும் வருடத்துப் பத்திரிகையில் நானே பத்தி எழுதுவதாக ஒரு கட்டுரை எழுதிப் பார்ப்பேன். அதை நானே நம்பினால்தான் கதையைத் தொடுவேன். அப்படி எழுதியதில் ஒன்றை, அழகாக வந்திருக்கிறதே என்று புத்தகத்தில் சேர்த்தேன். கர்வம். வேறென்ன.

மேலே '2043' என்று இருந்த வரியை எவரோ வெட்டிவிட்டு, பத்தியில் வரும் என் போட்டோவையும் போன் நம்பரையும் ஒட்டியிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் என் கைவேலை. கோழிக்கு உள்காதில் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. இது நிஜம். முளைக்க வைக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டது, விழுப்புரம் மாவட்டத்தில் அடுத்த ஆண்டு முதல் இலவசம். இது என் கற்பனை. இரண்டுக்கும் நடுவில் தையலே தெரியவில்லை.

இவரிடம் காட்டினேன். தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நின்று முழுதும் படித்தார். "நானே நம்பியிருப்பேன்மா" என்றார். வழக்கமாகப் பாராட்ட மாட்டார். இன்றைக்கா தோன்ற வேண்டும்.

ஜூலை 9, புதன்

செய்தவை:
– பதிப்பாளருக்கு போன். அவருக்கு சந்தோஷம். புத்தகம் நகருமாம்.
– முகநூலில் 'இது கதை' என்று பதிவு. விருப்பம் போட்டவர்கள் எல்லாம் ஏற்கெனவே அது கதை என்று தெரிந்தவர்கள்.
– நான் இருக்கும் நாலு குழுக்களிலும் மறுப்பு. ஒன்றில் எனக்கே அந்தப் படம் பதிலாக வந்தது, கைகூப்பும் பொம்மையோடு.
– கேஸ்: மறந்தாச்சு.

மதியம் சாஜிதா என்று ஒரு பெண். சொந்த ஊர் கோட்டக்குப்பம். மகளின் பேச்சுப் பயிற்சிக்காக விழுப்புரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாளாம். மகளுக்கு மூன்றரை வயது, பிறவியிலேயே கேட்காது. காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்கு 24-ஆம் தேதி கிடைத்திருக்கிறது. கணவர் துபாயில். வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் சொல்லவில்லை. அதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போன் பண்ணியிருக்கிறாள்.

கதை என்றேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

இந்தக் கருவிக்கு வயதுதான் முக்கியம். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது தாண்டத் தாண்டப் பலன் குறையும். இதையும் நான்தான் எழுதியிருக்கிறேன், ஞாயிறு பத்தியில். வேறு வேலை ஓடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சாஜிதாவிடம் விலாசம் கேட்டு விழுப்புரம் போய் வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நகரவே இல்லை. வேகவைத்த மல்லாட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன், ஒரு கடலைகூட உரிக்கத் தோன்றவில்லை.

அக்கா வீடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். குழந்தை பெயர் நஸ்ரின். நான் போனபோது அக்கா மிக்ஸியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் ஓடிப்போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு மிக்ஸி அப்படித்தான் தெரியும்.

சாஜிதா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தாள். என் பத்திகள். வெட்டி, தேதி போட்டு, சிலதில் பென்சிலால் கோடு. குழந்தைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள் என்று நான் எப்போதோ எழுதியதைக் காட்டினாள்.

"இத படிச்சித்தான் மேடம் இவளுக்குக் காது கேக்கலன்னே கண்டுபுடிச்சேன். அத நம்பினேன். அந்த வாட்ஸ்அப் பக்கத்த நம்பக் கூடாதுங்கறீங்க."

மன்னிப்புக் கேட்டேன். எனக்கே அது போதாது என்று தெரிந்தது.

துபாயிலிருந்து கணவர் வீடியோவில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காதுக்கருவிக் கம்பெனிக்காரர்கள் என்னை மிரட்டியிருப்பார்கள், அதனால்தான் மாற்றிச் சொல்கிறேன் என்பது அவர் கட்சி. தன் குழந்தை மண்டையில் துளை போட மனசு வராமல் ஒரு வருடம் காத்திருக்க நினைக்கும் மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வாசல் வரை வந்த சாஜிதா சொன்னாள்: "அவரு நம்பிக்கினு இருக்காரு மேடம். பேப்பர்ல நீங்க எழுதினா ஒத்துக்குவாரு. வாயால சொன்னா ஏறாது."

ஜூலை 12, சனி

பத்திரிகை ஆசிரியருக்கு போன். பொதுவாக 'வதந்திகளை நம்பாதீர்' என்று எழுதுங்கள் என்றார். அது போதாது, அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன் என்று என் பெயரிலேயே வர வேண்டும் என்றேன். பத்தொன்பது வருடமாக இந்தப் பத்தி நிற்பது ஒரே காரணத்தால்தான், இவர் இட்டுக்கட்ட மாட்டார் என்று வாசகர் நம்புகிறார். அதில் நீங்களே கை வைக்காதீர்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

கதை எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி. வாரமெல்லாம் 'இருக்கலாம்', 'ஆய்வு தொடர்கிறது', 'இன்னும் உறுதியாகவில்லை' என்று அடக்கி வாசித்துவிட்டு, ஒருநாள் வாய்விட்டுப் பொய் சொல்வது. அதை விடு என்றால் எனக்கு மூச்சு முட்டும். பத்தியை விடு என்றால்? அதற்கும் அப்படித்தான்.

இடி மின்னலை ஓரங்கட்டினேன். 'நான் புனைந்த மருந்து' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். எந்த வரி நிஜம், எந்த வரி கற்பனை, வரி வரியாக. கடைசியில்: ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் தேதியை விடாதீர்கள். அனுப்பியாச்சு. நாளைய இதழ் ஏற்கெனவே முடிந்துவிட்டது. போட்டால் 20-ஆம் தேதி வரும்.

ஜூலை 16, புதன்

ஆசிரியரிடமிருந்து பதில் இல்லை. சாயங்காலம் கொஞ்சம் தூறல். இவர் கடையில் எவரோ சொட்டு மருந்தைப் பற்றி விசாரித்தாராம். கண்ணுக்கும் வருமா என்று.

ஜூலை 20, ஞாயிறு

வந்திருக்கிறது. ஒரு வரி வெட்டவில்லை. என் போட்டோவை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஆசிரியர்: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க மேடம். நாங்களே கூப்பிடுறோம்." தொனியில் கோபம் இல்லை. கூப்பிட மாட்டார்கள் என்று தெரிகிறது. சரி என்றேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு துணி ஊறவைத்தேன்.

பக்கத்தைப் படமெடுத்து சாஜிதாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூலை 21, திங்கள்

பதில் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு சாஜிதா. கணவர் நேற்று அந்தப் பக்கத்தை முழுதும் படித்தாராம். இன்று காலை கூப்பிட்டு, அழைத்துப் போ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நாளை சென்னை கிளம்புகிறார்கள். 24-ஆம் தேதியே நடக்கிறது.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

உள்ளே என்ன செய்வார்கள் என்று கேட்டாள். டாக்டர் சொன்னது பயத்தில் மண்டையில் ஏறவில்லையாம். காதுக்குப் பின்னால் எங்கே திறப்பார்கள், கம்பி எங்கே போகும், கட்டு எத்தனை நாள், காயம் ஆறிய பிறகுதான் கருவியை முடுக்குவார்கள், அதற்கப்புறம்தான் கேட்கும். எதையும் இனிப்புத் தடவாமல் சொன்னேன். முக்கால் மணி நேரம். இந்த வேலை எனக்குத் தெரியும்.

பிறகு: "மொதல்ல நான் கூப்பிடறது கேக்குமாக்கா?" முதல்முறையாக அக்கா என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. நம் குரல் நமக்குக் கேட்பது போல அவளுக்குக் கேட்காது. வெறும் சத்தமாகத்தான் இருக்கும், அது அம்மா என்று புரிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். முடுக்கின அன்றைக்குப் பல குழந்தைகள் பயந்துபோய் அழுதுவிடும் என்றேன்.

போனில் அவளுக்குப் பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம்.

"அழுதா, அவளுக்குக் கேட்டுச்சின்னு அர்த்தமாக்கா?"

"ஆமாம்."

"அப்ப அழட்டும்."