அமாவாசையில் வந்த பிரேக் இன்ஸ்பெக்டர்

அண்ணி,

இன்று காலை செவிலிமேட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வந்து நின்ற வண்டியின் டீசல் புகை முகத்தில் அடித்தது. கண்டக்டர் பையன் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தான். ஏறியவர்கள் யாரும் அதை ஓர் அதிசயமாக நினைக்கவில்லை. ஒரு பெண் செல்போனில் பேசிக்கொண்டே ஏறினாள். எனக்கு மட்டும் இந்தப் புகைக்காக நீங்கள் கலெக்டர் முன்னால் நின்ற நாள் நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் போய் இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு ஆகிறது. ஊரில் யாருக்குச் சொல்வது? உங்களுக்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. நம் ஊரிலிருந்து ஆற்றங்கரை மண் ரோட்டில் செவிலிமேடு வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து டவுனுக்குப் போகவேண்டும். பனந்தோப்பு வழியே நான் தனியாகப் போவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் தினமும் என்னோடு செவிலிமேடு வரை வந்து, திரும்பி நடந்து போய்த்தான் நீங்கள் ராட்டையில் உட்கார்வீர்கள். அப்படியும் பல நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். “இன்னும் இப்படியே லேட்டா வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்மா” என்று சங்கத்துச் செயலாளர் சொல்லிவிட்டார். அண்ணனோ எப்போது வேலையை விடுவேன் என்று காத்திருந்தார். ஊருக்குள் பஸ் வந்தால் வேலை நிற்கும், வராவிட்டால் போகும். எனக்கு அப்போது உலகமே அவ்வளவுதான்.

பஸ் விடுவது யார் என்று நீங்கள் விசாரிக்க ஆரம்பித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் பொறுமையாக விளக்கினார். வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, கலெக்டர்தான் அதற்குத் தலைவர், ஆர்.டி.ஓ. செயலாளர். எந்த ரோட்டில் யார் பஸ் ஓட்டலாம் என்று பர்மிட் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் ஒரு பஸ்கூடக் கிடையாது. வண்டி வரியும் பர்மிட் கட்டணமும் நேராக அரசாங்க கஜானாவுக்குப் போய்விடும், அங்கிருந்துதான் அந்த ஆபீசுக்கே சம்பளம் வரும். மண் ரோட்டுக்கு ஜல்லி போடுவது பஞ்சாயத்து யூனியன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: “பர்மிட் குடுக்கறவங்க கைல பஸ்ஸு இல்ல. பஸ்ஸு வெச்சிக்கினு இருக்கறவருக்கு மனசு இல்ல. ரோடு போடறவங்க கைல காசு இல்ல. நல்லா பங்கு பிரிச்சிக்கினாங்கபா!”

செவிலிமேடு வரை ஓட்டிக்கொண்டிருந்த முதலாளிக்கு நம் ஊருக்கு நீட்ட மனசில்லை. வேறொரு முதலாளி டவுனிலிருந்து நம் ஊர் வரை பர்மிட் கேட்டு விண்ணப்பித்தார். தன் வழியில் இன்னொரு வண்டியா என்று பழைய முதலாளி ஆட்சேபம் போட்டார். பயணிகள் தேவை உண்டா என்று பார்த்து அறிக்கை தர, மோட்டார் வாகன ஆய்வாளர் வரப்போவதாகச் செய்தி வந்தது. நமக்கெல்லாம் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். எந்த நாள் வரட்டும் என்று கேட்டு ஆளனுப்பியிருந்தார், பாவம், நல்ல மனிதர்.

“அமாவாசைக்கி வரச் சொல்லுங்க” என்றீர்கள். “அன்னிக்கி தறி கிடையாது. எல்லாரும் ஊட்லதான் இருப்போம். நாம இத்தினி பேரு இருக்கறத அவரு கண்ணால பாக்கட்டும்.”

ஒருவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அமாவாசையன்று நம்மவர்கள் தறிக்குழியில் கால் வைக்கமாட்டார்கள், சங்கத்துக்கும் அன்று விடுமுறை. நாள் நல்ல நாள், ஊரே ஓய்வு, வேறென்ன வேண்டும்? ஊர் எல்லையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டோம். மாலை, கோலி சோடா, வாடகை நாற்காலி எல்லாம் வந்தன. தறிக்காரர், உழவர் என்று பாகுபாடில்லாமல் எல்லோரும் வெளுத்த துணி உடுத்தி நின்றோம். வெயில் ஏறியது. ஆளைக் காணோம். மாலை வாடிப்போன பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்வையோடு வந்தார்.

“காலையிலேர்ந்து செவிலிமேட்டு முனையில நிக்கறேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லையேம்மா!”

“எல்லாரும் உங்களுக்காக இங்க நிக்கறோம் சார்” என்றீர்கள்.

“ஊர்ல நிக்கறவங்களப் பாக்க நான் வரலைம்மா. ரோட்டுல போறவங்களக் கணக்கெடுக்க வந்தேன்.”

உங்கள் முகம் செத்துவிட்டது. சோடாவை மட்டும் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. “வலிய வர்ற சீதேவிய காலால ஒதச்சிட்டேன் பாப்பா” என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது.

விசாரணை கலெக்டர் அலுவலகத்தில் நடந்தது. அறைக்குள் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பழைய முதலாளியின் வக்கீல் எழுந்தார். “அதிகாரி அறிக்கையே சொல்கிறது. காலை முழுதும் அந்த ரோட்டில் ஆளே இல்லை. காற்றை ஏற்றிக்கொண்டு போகவா ஒரு பஸ்?” அறையில் சிரிப்பு எழுந்தது. ஆர்.டி.ஓ. அடுத்த மனுவை எடுக்கத் தொடங்கினார். என் வேலை அந்த மேசைமேல் முடிந்துகொண்டிருந்தது. அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள்!

“நீங்க யாரும்மா?” என்றார் கலெக்டர்.

“பஸ்ஸு கேக்கற ஊருங்க.”

மனுவில் உங்கள் பெயர் இல்லை, பேச உரிமையில்லை என்று வக்கீல் சீறினார். நம் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து, “பேசட்டுங்க, நான்தான் கூட்டிக்கினு வந்தேன்” என்றார். கலெக்டர் தலையசைத்தார். நீங்கள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். எதற்கும் மசியாத என் அண்ணியா இது என்று எனக்கே பயமாகிவிட்டது.

“தப்பு என்னுதுங்க” என்றீர்கள் ஒருவழியாக. “நான்தான் அமாவாசைன்னு சொன்னேன். அன்னிக்கி தறி ஓடாதுங்க. தறி ஓடலன்னா பட்டு வாங்கப் போவமாட்டோம், பொடவ குடுக்கப் போவமாட்டோம், ஊட்ட வுட்டு நவுரமாட்டோம். ஐயாவ வரவேக்கணும்னு அந்த நாளச் சொல்லிட்டேன். முட்டாத்தனம்ங்க. என் முட்டாத்தனத்துக்காவ ஊருக்கு பஸ்ஸு வாணாம்னு எழுதிடாதீங்க.”

மறுபடி யாரோ சிரித்தார்கள். கலெக்டர் சிரிக்கவில்லை. ஆர்.டி.ஓ.விடம் குனிந்து ஏதோ பேசினார். மறுபடி ஆய்வு செய்யவேண்டும், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று உத்தரவானது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் முள்மேல் நடந்தோம். சொந்தக்காரர்களை வரவழைத்து ரோட்டில் மேலும் கீழும் நடக்க வைக்கலாம் என்று சில வாலிபர்கள் கிளம்பினார்கள். “ஒரு தபா வேஷம் கட்டி கெட்டது போதாதா?” என்று விரட்டினீர்கள். ஒரு காலை செவிலிமேட்டு டீக்கடை பெஞ்சில் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். நமக்கு முன்னும் பின்னும் பட்டு மூட்டையோடும் பால் கேனோடும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. நீங்கள் என் மணிக்கட்டை இறுக்கினீர்கள். “திரும்பிப் பாக்காத பாப்பா. நட.” அவரைத் தாண்டும்வரை நாம் இருவரும் நடையை மாற்றவில்லை.

பர்மிட் கிடைத்தது. பழைய முதலாளி மேல்முறையீடு செய்து தடை வாங்கினார். “போதும், வேலைய வுட்டுடு” என்றார் அண்ணன். “பஸ்ஸு வர்ற வரைக்கும் நான்தான் அவளுக்கு பஸ்ஸு” என்று சொல்லி, அடை மழையிலும் நீங்கள் குடையோடு முன்னால் நடந்தீர்கள். சங்கத்துச் செயலாளர் எத்தனை முறை முகம் சுளித்தாலும் நாம் நிற்கவில்லை. மழைக்காலம் முடிந்து தடை விலகி வண்டி வந்தபோது என் வேலை மிச்சமிருந்தது என்றால், அது உங்கள் கால்கள் போட்ட பிச்சை. அதை உங்கள் காதுபட நான் சொன்னதேயில்லை. இப்போது சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் சங்கத்தின் சார்பில் என்னை ஒரு போக்குவரத்து ஆலோசனைக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீண்ட மேசை, அதே மாதிரி மின்விசிறி. தென்னேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்று பஸ் கேட்டிருந்தது. அதிகாரி அறிக்கையைப் புரட்டி, “நேரில் பார்த்தாயிற்று, அங்கே தேவை இல்லை” என்றார். எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போகத் தயாரானார்கள். நான் எழுந்தேன்.

“எந்த நாள்ல போய்ப் பாத்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை போய்ப் பார்ப்பதாக எழுதிக்கொண்டார்கள். அந்தக் கேள்வி ஒன்றைத்தான் அண்ணி, உங்களிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். யார் எதை இல்லை என்று சொன்னாலும் அது தானாக வாயில் வந்துவிடுகிறது. அன்று கேட்டுவிட்டு உட்காரும்போது பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு தோளைத் தேடினேன்.