மலைப் பக்கத்து வாசல்

திருவண்ணாமலை
12 பிப்ரவரி 1984

அன்புள்ள மங்கைக்கு,

அப்பா ரிடையரானதும் எங்கேம்மா இருக்கப் போறீங்க என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இது ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பொகாரோ குளிரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

மார்ச் கடைசியில் போஸ்ட்மாஸ்டர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கீழ்பென்னாத்தூரில் உன் சித்தப்பா பாதி வீட்டை ஒழித்துத் தருகிறேன் என்கிறார், நல்ல மனசுதான், ஆனால் சமையல்கட்டில் நான் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால் உன் சித்தி சரசுவுக்குத் தூக்கம் வராது, அவள் மாற்றி வைத்தால் எனக்கு வராது. உன்னிடமே வந்துவிடச் சொல்கிறாய், வருவோம், இரண்டு மாதம் இருப்போம், அதற்கு மேல் காய்கறிக்காரியிடம் சண்டை போடக்கூட எனக்கு அங்கே பாஷை கிடையாது. அப்பாவுக்கு வேங்கிக்காலில் மனை வாங்கிக் கட்ட ஆசை. தரகர் மஸ்தான் கூட்டிப் போய்க் காட்டினார். வெறும் பொட்டல், மலை முழுசாகத் தெரிந்தது, அப்பா உருகிவிட்டார். முன் மனையில் யாராவது வீடு கட்டினால் என்று கேட்டேன். "மலை எங்கம்மா போயிடப் போவுது"ன்னு சிரித்தார் மஸ்தான். மலை போகாது, மாடி வரும் என்றேன். உனக்கு இந்த ஊர்ல எதுதான் பிடிக்கும்னு அப்பா கோபித்துக்கொண்டார்.

பிடித்தது ஒன்று இப்போது இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் பீபி ஜான் என்கிற அம்மாளின் வீடு. அவர் ஆம்பூரில் மகனோடு இருக்கப் போகிறார், வீட்டை வாடகைக்கு விடுகிறார். மஸ்தான் பொங்கலுக்கு முன்பே சொன்னார், மலைப் பக்கத்து வாசல் என்றதும் அப்பா பார்க்காமலே வேண்டாம் என்றுவிட்டார். நம் குவார்ட்டர்ஸும் மலைப் பக்கத்து வாசல்தானே, சாயங்கால வெயிலில் கூடம் அடுப்பாகிவிடும், உனக்குத் தெரியும். நேற்று மஸ்தான் வந்தபோது அங்கே வெயில் ஜாஸ்தியா என்று பேச்சுக்குக் கேட்டேன். "வெயிலா, வத்தல் காய வெக்கணும்னா கூட மாடிக்குத்தாம்மா போகணும்"னார். அப்போதுதான் உறைத்தது. ஊருக்குள் மலை மேற்கே, அதனால் மலைப் பக்கம் என்றால் மேற்கு என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே மலை வடக்கே நிற்கிறது! வாசலும் வடக்கு. பூகோளத்தில் பட்டம் வாங்கியவள் நான், சிரிக்காதே. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர் ஒருவரும் அந்த வீட்டைக் கேட்டிருக்கிறாராம், நாளைக்குள் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் கீழ்பென்னாத்தூர்தான். அதை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது, அப்பாவிடம் சொல்லவில்லை.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. ரொம்பக் கண்டிக்காதே, உன்னை நான் கண்டித்து என்ன கண்டேன். நீங்கள் மூவரும் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. மாப்பிள்ளைக்குப் பல் வலி எப்படி என்று மறக்காமல் எழுது.

அன்புடன்
அம்மா

திங்கள் இரவு. நேற்று தபால் இல்லாததால் இதையும் சேர்க்கிறேன். இன்று மத்தியானம் போய்ப் பார்த்தோம். கூடம் குளிர்ச்சியாக இருந்தது. பீபி ஜான் டீ கொடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் சின்ன ரூமை மட்டும் தன் பெயரில் பூட்டி வைக்க வேண்டும் என்றார். "மருமக நல்லவதாம்மா, ஆனா ஒத்து வரலைன்னா நான் எங்க போவேன், அந்த வெள்ளைக்காரரு முழு வீடும் வேணும்ங்கறாரு"ன்னார். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அப்பா, "என்னை ஒரு வார்த்தை கேக்கலியே"ன்னார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். பெரிய தெரு வந்ததும், ஈசிசேரைக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.