தலைகீழாகக் கட்டிய கேமரா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. சுகாதார நிலையத்தில் இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. கவுண்டரில் நிற்கிற எல்லோருக்கும் இருமல்.

முத்துப்பேட்டையில் வாங்கியவை: வெப்கேமரா 1. ஸ்ட்ரா ஒரு கட்டு. ரஸ்க். பஞ்சும் காஸ் துணியும் ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

அப்பாவைத் தஞ்சாவூரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு நாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. நான் மருந்து கொடுக்கிறவள் என்று தெரிந்ததால் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார், அவ்வளவுதான். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அப்பாவின் ஒரே தங்கை, அழ ஆரம்பித்தால் தெருவே கூடிவிடும்.

தம்பி ஜெயராஜிடம் மட்டும் சொன்னேன். அவன் இருப்பது குவைத்தில், பாஸ்போர்ட் கம்பெனியின் கையில். லீவு மார்ச்சில். மார்ச் வரை அப்பா இருக்க மாட்டார். அவனுக்கும் புரிந்தது. பிறகு, "ஒரே ஒரு தடவ அப்பா மூஞ்சியப் பாத்துர்றேன்க்கா" என்றான்.

அதற்குத்தான் கேமரா. டப்பாவில் ஒரு சிடி இருந்தது. போட்டேன். சுற்றியது. ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். மூன்று வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த பென் டிரைவில் வைரஸ் வந்து அம்மாவின் போட்டோக்களைத் தின்றுவிட்டது. நாலே நாலு மிச்சம். அடுத்த லீவில் வந்த ஜெ. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இதை ஏற்றினான். "இதுல வைரஸே வராதுக்கா" என்றான். உண்மைதான், வரவில்லை. பிரிண்டரும் வரவில்லை. செல்போனிலிருந்து போட்டோவும் வரவில்லை. தமிழில் எதைத் திறந்தாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

முத்துப்பேட்டை பிரவுசிங் சென்டர் பாயிடம் கேட்டேன். சிடி விண்டோஸுக்கு உள்ளதாம். "கம்ப்யூட்டர் டப்பாவத் தூக்கிட்டு வாங்க சிஸ்டர், அரை மணி நேரத்துல விண்டோஸ் ஏத்தித் தந்துர்றேன்" என்றார். நல்ல மனிதர். ஜெ.யிடம் சொன்னதற்குக் கூடவே கூடாது என்றுவிட்டான். அழித்துவிட்டுத்தான் ஏற்றுவார்களாம், அந்த நாலு போட்டோவும் போய்விடுமாம்.

அப்பாவையே பாய் கடைக்குக் கொண்டுபோகலாமா என்றும் யோசித்தேன். பதினோரு கிலோமீட்டர். குண்டும் குழியும். கடை மாடியில். அப்பாவால் உட்கார முடியாது. யோசித்ததே பைத்தியக்காரத்தனம்.

நவம்பர் 6, வியாழன்

ஜெ. போனில் கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னான். கறுப்புத் திரையில் நான் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்து, பிடுங்கி, துடைத்து, ஊதி, மறுபடி சொருகி, மூன்று தடவை ஓங்கி ஓங்கி அடித்தேன். தவறு என்றது. கடைசியில் ஜெ., "அது தெரியாதுக்கா, ஆனா உள்ள போய்க்கிட்டுத்தான் இருக்கும்" என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது கஷ்டமாக இருந்தது.

அத்தைக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. "படுத்துக் கெடக்குற மனுசனப் படம் புடிக்கக் கூடாது புள்ள. ஆயுசு கொறையும்" என்றார். குறைய என்ன இருக்கிறது, அத்தை.

நவம்பர் 7, வெள்ளி

அங்கே வெள்ளிதான் விடுமுறை. இங்கே பதினொன்று என்றால் அங்கே எட்டரை. கேம்ப்பில் மற்றவர்கள் எழுந்து சத்தம் போடும் முன் பேசிவிடலாம் என்பது ஜெ.யின் கணக்கு. நான் அரை நாள் லீவு.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது! அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மேஜையை இழுத்துப்போட்டு வைத்திருந்தேன். படம் வந்தது. தலைகீழாக வந்தது. மேலே கட்டில் கால், கீழே அப்பா. ஜெ.யின் திரையிலும் அப்படியே. சத்தமும் வரவில்லை, அவனுக்கும் எனக்கும். கீழே ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்துதான் பேச்சு. லினக்ஸில் சில கேமராவுக்கு இப்படி வருமாம், சரி செய்ய நீளமான கட்டளை ஒன்று உண்டாம். மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் ஏதோ பிழை.

அதைவிடப் பெரியது: திரையின் மூலையில் நம் முகம் சின்னதாகத் தெரிகிறதே, அதில் அப்பா தன்னைப் பார்த்துவிட்டார். கோணிப்போன வாய், பத்து நாள் தாடி. படுத்தவாறே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. ஜெ. பார்த்தது அப்பாவின் பிடரியை. அதுவும் தலைகீழாக.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. மழை விட்டிருந்தது.

படத்தைத் திருப்பக் கட்டளை எதற்கு? கேமராவைத் திருப்பினால் போதாதா? இது எனக்கு இன்று காலை ஆப்பம் சுடும்போது தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கிய குளுகோஸ் ஸ்டாண்டில் கேமராவைத் தலைகீழாக வைத்துக் காஸ் துணியால் சுற்றிக் கட்டினேன். படம் நேராக நின்றது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். மூலையில் நம் முகம் தெரிகிற கட்டத்தை மறைக்கவும் கற்றுக்கொண்டேன். இனி அப்பா தன்னைப் பார்க்க வேண்டாம்.

சாயங்காலம் அப்பா இடது கையைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். பயிர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்கிறார். முழங்காலுக்குக் கீழே காட்டினேன். நான் வயல் பக்கம் போய் ஒரு மாதம் ஆகிறது. சும்மா காட்டினேன். பிறர் வயலிலேயே பாதி ஆயுளை வேலை செய்து கழித்துவிட்டு, ஐம்பதுக்கு மேல் சொந்தமாக மூன்று மா, ஒரு ஏக்கர் நிலம் கண்டவர். அவரிடம் பொய் சொல்வது பாவம்.

நவம்பர் 14, வெள்ளி

அப்பாவுக்கு ஷேவ். வெள்ளைச் சட்டை. அத்தையே பவுடர் டப்பாவை எடுத்துவந்தார்.

10.50க்குக் கரண்ட் போனது. இந்த வாரம் மின்தடை நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது. வந்தது 1.15க்கு. ஜெ. அதற்குள் ஓவர்டைமுக்குப் போய்விட்டான்.

அப்பா சட்டையைக் கழற்ற விடவில்லை. பொத்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். எனக்கு அழுகை வந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு உழவுக் குறிப்பு. இன்றைக்கு: வயலில் தேங்கும் நீரை உடனுக்குடன் வடிக்கவும். வடிய எங்கே இடம்? வாய்க்காலே வயலுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

திங்களிலிருந்து முழு லீவு. அப்பாவுக்கு நேற்று மூன்று ஸ்பூன் கஞ்சி, இன்று ஒன்று. மூச்சில் ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

கம்ப்யூட்டரில் சத்தம் வராததற்கு ஒரு அப்டேட் வந்திருக்கிறது என்று ஜெ. கட்டளை சொன்னான். மதியம் இரண்டரைக்குப் போட்டேன். வரிவரியாக ஓடியது. பார்த்துக்கொண்டே கால் கிலோ பூண்டு உரித்தேன். நாலே முக்காலுக்கு முடிந்தது. சத்தம் வரவில்லை. எதற்குப் போட்டோமோ அது நடக்கவில்லை, வேறு என்ன நடந்ததோ ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நாளைக்கு நடக்காவிட்டால் இனி நடக்காது. இதை ஜெ.யிடம் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

எழுதிவிட வேண்டும், வரிசையாக.

10.40. கரண்ட் இருந்தது. மோடத்தில் நாலு விளக்கும் எரிந்தன. வானம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு ஷேவ், சட்டை. தலையணை மூன்று. மூலையில் முகம் தெரிகிற கட்டத்தை, கேமரா ஓடும் முன்பே மறைத்தேன்.

11.05. ஜெ. வந்தான். மீசை எடுத்திருக்கிறான். அப்பா திரையைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பார்த்தபடியே இருந்தார்.

ஜெ. தட்டச்சில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "அக்கா எதையும் தொடாத. அப்படியே இருக்கட்டும்."

அடுத்த நிமிடம் அவன் படம் ஆடியது. கூரை தெரிந்தது, யாருடைய லுங்கியோ தெரிந்தது. பிறகு அவனே தலைகீழாக நின்றான். தாடை மேலே, நெற்றி கீழே. அதே தொல்லை இப்போது அவன் பக்கமும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா அதைப் பார்த்து இடது பக்க வாயால் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. இடது கையைத் தூக்கி அந்தரத்தில் ஒருமுறை புரட்டினார். திருப்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திருப்பி அடித்துக் கேட்டேன், படம் ஏன் இப்படி என்று. ஜெ. பதில் அடிக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. நல்லபடியாக ஒரு தடவையாவது நேராகப் பார்க்கட்டும் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போட்டேன். வரவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் இடியோடு மழை. மோடத்தில் சிவப்பு. லேண்ட்லைனும் இல்லை. செல்போனில் டவரும் இல்லை.

மொத்தம் ஆறு நிமிடம். தொடாதே என்றான், தொட்டேன்.

அப்பா மதியம் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 24, திங்கள்

மழை, மழை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். அப்பா கண் திறக்கவில்லை. கை அசையவில்லை. பயிரைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

செல்லில் ஒரு நிமிடம் ஜெ. கிடைத்தான். ஒரே இரைச்சல். "அடுத்த வெள்ளிக்குப் பாப்போம்க்கா" என்பது மட்டும் கேட்டது. பார்ப்போம் என்றேன்.

நவம்பர் 26, புதன்

அப்பா நேற்றுக் காலை 9.10க்கு.

இன்று அடக்கம். குழியில் ஊற்றெடுத்த தண்ணீரை நாலு பேர் குடத்தால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள், பெட்டி இறங்கும்வரை. அம்மாவுக்குப் பக்கத்தில். சட்டை அந்த வெள்ளைச் சட்டைதான்.

இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லை. பங்குச் சாமியார் செபிக்கும்போது ஜெ.யை லைனில் வைத்துக்கொண்டு செல்லைப் பெட்டி அருகில் பிடித்தேன். அவனுக்கு மழைச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். பதினைந்து நாளில் முதல் வெயில். வயலில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. படுக்கைத் துணிகளைக் காயப்போட்டேன். ஸ்டாண்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கேமரா இன்னும் அதில்தான் தொங்குகிறது.

ஜெ. கூப்பிட்டான். தெளிவான லைன். ரொம்ப நேரம் பேசினான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று அவனாகவே சொன்னான். வியாழக்கிழமை போட்ட அப்டேட்டில் கேமராக் கோளாறு தானாகச் சரியாகிவிட்டிருக்கிறது. நான் அதைத் தலைகீழாகக் கட்டிவைத்திருந்ததால் அப்பா அவனுக்குத் தலைகீழாக வந்திருக்கிறார். சொன்னால் நான் எழுந்து கட்டை அவிழ்ப்பேன், அப்பா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று பயந்திருக்கிறான். அதனால்தான் தொடாதே என்று அடித்தான். அடித்துவிட்டு, தன் லேப்டாப்பையே தலைகீழாகப் புரட்டி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். அதன் கேமராவும் கூடவே புரண்டதால்தான் அவன் எங்களுக்குத் தலைகீழ். கீபோர்டு மேலே போய்விட்டதால் எனக்குப் பதில் அடிக்க முடியவில்லை.

அவனுக்கு அப்பா நேராகத் தெரிந்தார். நான் துண்டிக்கும்வரை.

அப்பாவுக்கு அது புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கையைப் புரட்டினாரே. திருப்பச் சொல்லவில்லை. மகன் என்ன செய்கிறான் பார் என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஜெ. அழுதுகொண்டே சிரித்தான். "அப்பா என்னப் பாத்துச் சிரிச்சாருக்கா. நான் நேரா பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன், அதுக்குள்ள பாழாப்போன மழையில லைன் போயிருச்சு, இல்ல?"

"ஆமாடா. மழதான்" என்றேன்.