எதிர்க்கட்சி பேசிய மகளுக்கு

திருக்கடையூர்
11-2-1973

அன்பு மகள் நீலாயதாட்சிக்கு, அப்பா காயாரோகணம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌகரியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, ஹாஸ்டலில் சோறு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

சம்பா அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. வைக்கோல் போர் போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. தினமும் புது வார்த்தைகள் மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கிலீஷில் நையாண்டி என்று ஒரு பாடம் நடக்கிறதாமே! அதற்காக மாயவரம் வரை போக வேண்டுமா? உன் அம்மா தனபாக்கியத்தின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருப்பாய். வேலை இல்லை, கோபம். சஃபியா டீச்சர் இங்கிலீஷ் வகுப்பில் வைத்த பேச்சுப் போட்டியில், உழுகிறவருக்கே நிலம் என்பதை எதிர்த்து நீ பேசி முதல் பரிசு வாங்கிய சேதி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. நமக்கு வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கும் மிராசுதாரின் காரியக்காரர் சாரங்கபாணியின் மகளும் உன் வகுப்புதானே. டீக்கடையில் நாலு பேர் முன்னால், உன் பொண்ணே எங்க பக்கமாம், நீ எதுக்குய்யா தாலுகா ஆபீசுக்கு அலையிறே என்று அவர் கேட்டார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். படித்தது போதும், அவளை அழைத்துவந்துவிடுகிறேன் என்று வீட்டில் கத்தினேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு வந்த பக்கத்தைப் பொண்ணு பேசியிருக்கு, அதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நீ தமிழில் எழுதி அனுப்பிய பேச்சை அதற்குப் பிறகுதான் படித்தேன். நிலத்துக்கு வரி, கிஸ்தி கட்டுவது மிராசுதார், காவிரி காய்ந்தால் அவருக்கும் நஷ்டம் என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். உழுகிறவருக்கே நிலம் என்று கேட்கும் குத்தகைக்காரர், தன் வயலில் ஏர் பிடிக்கும் கூலியாளுக்கு எத்தனை மா நிலம் தருவார் என்று கேட்டிருக்கிறாய். என் இடுப்பு போனதிலிருந்து நம் வயலில் ஏர் பிடிப்பது பக்கிரிதான், நான் வரப்பில் நிற்கிறேன். எனக்கு முகம் சுட்டது.

நாளைத் திங்கட்கிழமை அல்ல, அதற்கடுத்த திங்கட்கிழமை, குத்தகைப் பதிவுக்குத் தாசில்தார் விசாரணை. நம் பெயர் ஏறாவிட்டால் குறுவைச் சாகுபடிக்கு நமக்கு வயல் இல்லை. நான் சொந்தமாகப் பாடுபடவில்லை என்பதுதான் மிராசுதாரின் ஆட்சேபமாம். அவர் வக்கீல் நீ கேட்டதையே கேட்பார். எனக்குக் கத்தத்தான் தெரியும். பக்கிரியிடம் யோசனை கேட்டேன். அவங்க கேக்குறது இருக்கட்டுங்க, அதை நானே கேக்கணும்னுதான் இருந்தேன் என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே வரும் சனிக்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டு நீ வர வேண்டும். மிராசுதார் பக்கம் நின்று என்னைக் கேள்வி கேள். அப்பா என்று தயவு பார்க்காதே. உன்னிடம் வாயடைத்துப் போனால் எனக்கு வெட்கமில்லை; அங்கே அடைத்துப் போனால் நிலம் போய்விடும். பக்கிரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் முறைக்கு அவனும் கேட்கட்டும், நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யார் பக்கம் பேசினாலும் தலை நிமிர்ந்து பேசி, தீர்க்காயுசாக இரு அம்மா.

உன் அப்பா,
காயாரோகணம்