கண்தான் அழுதது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இருமல் தேவலையா? மில்லில் மிளகாய் அரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். நான் சுகம்.

கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள் என்று தையல்காரிகள் நாங்கள் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தோம். கைது செய்ய வந்த அதிகாரி, "ஒரு தடவ அடிச்சா தானா எழுந்து வண்டியில ஏறுவாங்க" என்று பெப்பர் ஸ்பிரே, அதுதான் கண்ணில் பீய்ச்சும் மிளகாய்க் காரம், அடித்தார். மில்காரி மகளிடமா! பதறாதே. "கண்ணத் தேய்க்காதீங்கடி" என்று கத்தினேன். காற்று திரும்பியதும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். எங்களுக்குக் கண்தான் அழுதது, கால் எழவில்லை. தூக்கித்தான் ஏற்றினார்கள். சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

பூட்டைத் திறக்கும்வரை உட்காருவோம். கண் துடைக்க உன் பழைய சேலையில் நாலு துண்டு கிழித்து அனுப்பு.

வாசலில் கூப்பிடுகிறார்கள். மறந்துவிடாதே, மூன்றைத் துவைத்து அனுப்பு. ஒன்றை உன் மில் வாசத்தோடு, துவைக்காமல்.

உன் மகள்