மூன்று பேர், ஆறு முறை

தென்காசி,
3-6-1935

அன்புள்ள தம்பி தங்கசாமிக்கு,

முத்துக்குமாரசாமி அண்ணாச்சி எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இல்லை என்று எழுதினால் மருந்து அனுப்புவாய். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. நேற்று ஐந்தருவிக்குப் போனேன். முதுகில் எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை. கை எட்டியமட்டும் தேய்த்துக்கொண்டு, மீதி முதுகைக் காய்ந்தபடியே அருவிக்குக் கொடுத்தேன். உன் மதினி ரெங்கம்மாள், திருவேங்கடத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளில் வருவதாகச் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. அவளை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை. நம் ஆபீஸ் குற்றாலத்தில் போடும் சீசன் கொட்டகையில் நீ மேஸ்திரியாக இருந்த இரண்டு வருஷமும் என் பேச்சுக்குச் சிரிக்க ஒரு ஆள் இருந்தது. இப்போது ஆபீசில் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் ஃபைலைத் திறக்கிறார்கள்.

விஷயம் இதுதான். நம் ஆபீசில் ஒரு குமாஸ்தா இடம் காலி. பன்னிரண்டு பேரை எடுத்தால் ஒரு முறை ஆதி திராவிடருக்கு என்ற சர்க்கார் உத்தரவு உனக்குத் தெரியும். உத்தரவு வந்த நாள்முதல் பதினோரு குமாஸ்தாக்கள் வந்துவிட்டார்கள். உங்களில் ஒருவரும் இல்லை. இது பன்னிரண்டாவது. முறை நோட்டை எழுதுகிற தலைமைக் குமாஸ்தா நான்தான். நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மனுவை உடனே அனுப்பு. அந்த எஸ்டேட்டை அட்டைகளுக்கே விட்டுவிட்டு வந்து சேர்.

உன் அண்ணாச்சி,
முத்துக்குமாரசாமி


ஆரியங்காவு,
11-6-1935

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று மதியம் சாப்பிட மறந்துபோனேன். மனு நேற்றே தபாலில் போய்விட்டது.

ஆடி பத்தோடு எனக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்கப்புறம் சர்க்கார் வேலைக்கு என்னை எடுக்கமாட்டார்கள். எனக்கு இது ஒன்றுதான், அண்ணாச்சி. இங்கே துரைக்கு என் கையெழுத்து ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் ஆபீஸ் அறைக்குள் விடுவதில்லை. வராந்தாவில் பலகை போட்டுத்தான் எழுதுகிறேன். காற்று திரும்பினால் சாரல் அடித்து மை ஓடிவிடும், மறுபடி எழுத வேண்டும்.

மாரித்தாய் அத்தை இந்த சீசனுக்கும் குற்றாலத்துக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கும் தூப்பு வேலைக்கு வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். "நீ நாற்காலியில உக்காந்திருக்கத ஒரு நா வந்து பாக்கணும்லே. உள்ள விடுவாவளா?" என்று கேட்டாளாம். அண்ணாச்சி இருக்கும்போது விடாமல் என்ன என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் முதுகு என் பொறுப்பு.

தங்கள் அன்புத் தம்பி,
தங்கசாமி


தென்காசி,
24-6-1935

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வாரம் ஊரில் செய்தி ஏராளம். பாத்திமுத்து வீட்டு ஆடு எங்கள் ஆபீசுக்குள் புகுந்து ஒரு மனுவைத் தின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் ஆபீசில் அத்தனை சீக்கிரமாகத் தீர்ந்த மனு அது ஒன்றுதான். தின்றது உன் மனுவை அல்ல. அப்படி இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிராது.

உன் மனுவை மானேஜர் நம்பிராஜனிடம் வைத்தேன்.

"ஏம்வே, இவனுக்கு முறை வந்துட்டுன்னு சொல்லுதீரு. நோட்டைக் கொண்டாரும் பாப்போம்" என்றார். கொண்டுபோனேன். விரலை வைத்து எண்ணினார்.

"இந்தா, ஆறு பேரு ஏற்கெனவே இருக்கே."

"அது சீசன் ஆளுக சார். தூப்புக்கும் மேஸ்திரிக்கும் எடுத்தது."

"எடுத்தாச்சா இல்லியா? ஒரே நோட்டுலதான எழுதியிருக்கீரு. ஆறு முறைன்னா எழுபத்திரண்டு வேலைக்குள்ள பங்கு. அவுகளுக்குக் கூடவே குடுத்தாச்சுவே."

அந்த ஆறு பெயர்களையும் சொல்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாரித்தாய், மாடன், நீ. போன வருஷமும் மாரித்தாய், மாடன், நீ. இந்த சீசன் ஆட்களை நான் இன்னும் நோட்டில் ஏற்றவில்லை. இந்தக் கணக்குப்படி உங்கள் அடுத்த முறை வரும்போது நீ பல்செட்டு கட்டியிருப்பாய்.

நோட்டை அப்படி ஒன்றாக்கியது நான். குமாஸ்தா தரத்துக்கு ஒன்று, கடைநிலை ஊழியத்துக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு நோட்டுக்குக் கோடு போடச் சோம்பல்பட்டு எல்லோரையும் ஒன்றில் எழுதினேன். "மூளைக்காரன்வே நீரு" என்று அன்றைக்கு நம்பிராஜன் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு மாதம் ஓட்டினேன்.

'தரம் வேறு, முறையும் வேறு. சேர்த்து எழுதியது என் பிழை' என்று நான் ஒரு குறிப்பு வைத்தால் நோட்டைப் பிரித்துவிடலாம். நம்பிராஜன் ஆகஸ்டோடு ஓய்வு பெறுகிறார். அவர் இடம் எனக்கு வரவேண்டியது. இந்த நேரத்தில் என் பிழையை என் கையாலேயே எழுதி வைப்பதுதான் யோசனையாக இருக்கிறது. நேரம் பார்த்து வைக்கிறேன்.

உன் அண்ணாச்சி,
முத்துக்குமாரசாமி


ஆரியங்காவு,
1-7-1935

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆட்டைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். மீதியை அத்தைக்குச் சொல்ல நேற்று குற்றாலம் போய் வந்தேன்.

"நான் தூத்தது சீசனுக்கு எழுபது நாளு. அதுக்கா ஒன் நாற்காலிய எழுதிக்கிட்டாவ?" என்றாள். பிறகு, "இப்பமே வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டுப் போயிருதேன். பேர அடிச்சிருவாவளா, கேளு" என்றாள். கேட்டுவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குமாஸ்தாவின் சம்பளமும் பென்ஷனும் அவளுக்கு நீங்கள் தரவில்லை. குமாஸ்தாவின் முறையை மட்டும் அவள் பெயரில் எழுதியிருக்கிறீர்கள்.

குறிப்பு பத்து வரிதான் வரும் என்று நினைக்கிறேன். ஆடி பத்துக்குள் வைத்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கசாமி


தென்காசி,
22-7-1935

அன்புள்ள தம்பிக்கு,

'ஐயா'வா? ஆபீசில் இத்தனை பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவைகூட இப்படி வலித்ததில்லை.

குறிப்பு எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி பத்து வரிதான். போன திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போனேன், நம்பிராஜனுக்குப் பல்வலி. செவ்வாய்க்கிழமை பல்வலி தீர்ந்து அவர் நல்ல குஷியில் இருந்தார். கெடுப்பானேன் என்று திரும்பிவிட்டேன். இன்று அதை எடுத்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி டிராயரிலேயே வைத்தேன். ஆடி பத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. கட்டாயம் வைத்துவிடுகிறேன். ஒரு வரி எழுது.

உன் அண்ணாச்சி


தென்காசி,
9-9-1935

அன்புள்ள தங்கசாமிக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் நாலாவது கடிதம். முந்தின மூன்றுக்கும் பதில் இல்லை.

அந்த இடத்துக்கு ஆடி கடைசியில் வேறு ஒருவர் வந்துவிட்டார். அதற்கு மூன்று நாள் கழித்து என் குறிப்பை வைத்தேன். அப்போது வைத்து என்ன பயன் என்று கேட்காதே, நானே கேட்டுக்கொண்டாயிற்று. நம்பிராஜன் பாதிகூடப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்காவே இத்தன நாளு முழிச்சீரு? மின்னமே வச்சிருந்தா அந்தப் பயலுக்கே குடுத்திருக்கலாம்லா. யாரு வந்தா எனக்கு என்னவே?" என்றார்.

யார் பிழை என்று ஒருவரும் கேட்கவில்லை. நோட்டு இப்போது இரண்டாகிவிட்டது. குமாஸ்தா நோட்டில் உங்களுக்குச் சேரவேண்டிய முறை அடுத்த காலியிடத்துக்கு நிற்கிறது. வயசு தாண்டாத யாராவது ஒருவன் வருவான். கோடெல்லாம் நானே போட்டேன், வெகு நேராக.

முதல் தேதியிலிருந்து நான் மானேஜர்.

நேற்று குற்றாலம் போனேன். சீசன் முடிந்து கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரித்தாய் ஓலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கசாமி எங்கன இருக்கான்?" என்றேன்.

"இருக்கான்யா."

"கடுதாசி போடுதானா?"

"எனக்குப் போடுதான். படிச்சுக் காட்ட ஆளு இருக்கு."

ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அவனிடம் சேர்த்துவிடு என்று கேட்டேன். ஓலையிலிருந்து கையை எடுக்காமலே, "தபால்ல போடுங்கய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆகவே தபாலில் போடுகிறேன். பழைய விலாசம்தான் என்னிடம் இருக்கிறது.

பதில் வேண்டாம் என்று கீழே எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், மன்னித்துக்கொள். தபால்காரர் ஒலி முகம்மது பதினோரு மணிக்கு வருவார். மானேஜர் அறையிலிருந்து வாசல் தெரியாது. அந்த நேரத்துக்கு எதையாவது சாக்கிட்டு வெளியே வந்து நிற்கிறேன்.

முத்துக்குமாரசாமி