பிள்ளைகளுக்குப் பக்கத்து இருக்கை

மார்ச் 4, செவ்வாய்

டிக்கெட் வந்துவிட்டது. என்னுடையது மட்டும். அது அவர் ஆபீஸில் போட்டுக் கொடுத்தது. பிள்ளைகளுடையதை அவர் தனியாகப் போட்டிருக்கிறார். "அதையும் அனுப்புங்க" என்றேன். "அது இருக்கட்டும், ஏர்போர்ட்ல பாத்துக்கலாம்" என்று இழுத்தார்.

வெளிநாட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, எந்தக் காகிதத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்ட மனிதரில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழே என் அலமாரியில்தான் கிடக்கிறது. இதை மட்டும் எதற்குப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்?

மார்ச் 6

எதிர்வீட்டு டீச்சர் புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டுப் போனாள். மலிவு விமானங்களில் குடும்பத்தை வேண்டுமென்றே ஆளுக்கொரு மூலையில் போடுவார்களாம். சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் தனியாகக் காசு வெட்ட வேண்டுமாம். "பெத்தவங்க பயம்தானே அவங்களுக்கு வியாபாரம்" என்றாள்.

பெரியவளுக்கு ஒன்பது வயது, சமாளித்துக்கொள்வாள். சின்னவனுக்கு நாலு. ஒன்றுக்கு வந்தால்கூட என் காதில்தான் சொல்வான். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் அவனை எப்படி விடுவது?

மார்ச் 7

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டாகக் கேட்டு அலுத்த பிறகு ஒரு பெண் வந்தாள். குரலில் தேன்.

"உங்க புக்கிங்ல நீங்க ஒருத்தர்தான் மேடம்."

"தெரியும்மா. பிள்ளைங்களுக்கு வேற புக்கிங். நாலு வயசுப் பிள்ளை தனியா எப்படி உக்காரும்?"

"தனியா இருக்க மாட்டாங்க மேடம். சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் எங்ககிட்ட புக் பண்ணவே முடியாது. அந்த டிக்கெட்ல கண்டிப்பா ஒரு பெரியவங்க இருப்பாங்க. அவங்க பக்கத்துலதான் பிள்ளைங்களுக்கு சீட்டு வரும். அதுக்குக் காசு கிடையாது."

"எந்தப் பெரியவங்க?"

"அது உங்களுக்குத்தானே மேடம் தெரியணும்" என்றாள்.

போனை வைத்தேன். என் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யார்?

மார்ச் 8

வீடியோ காலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். முதலில் "அந்தப் பொண்ணு ஏதோ உளறியிருக்கும்" என்றார். அப்புறம் "நெட் சரியில்ல" என்றார். படம் தெளிவாகத்தான் தெரிந்தது, காதைச் சொறிந்துகொண்டிருந்தார். பொய் சொல்லும்போதெல்லாம் அந்தக் காது அரிக்கும் அவருக்கு.

யாராவது ஒருத்தியா? இங்கிருந்து அங்கே போகிறவள், வழித்துணை என்ற பெயரில் என் பிள்ளைகளோடு பழகிக்கொள்ளட்டும் என்றா? இல்லை, அதைவிட மோசமாக ஏதாவதா — பிள்ளைகள் போதும், இவள் எதற்கு என்று — எழுதவே கை கூசுகிறது. ஒன்றரை வருடம் ஒரு மனிதன் தனியாக இருந்தால் என்னதான் ஆவான்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

மார்ச் 11

"ஒரு வாரம் என்னை நம்பேன்" என்கிறார். நம்பத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 16, புதிய வீடு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

விமான நிலைய வாசலில் கால் வைத்ததும் அவர் போன். "கவுண்டர் பக்கத்துல அக்கா நிப்பாங்க. பிள்ளைங்க டிக்கெட்டு அவங்ககிட்டதான் இருக்கு. தயவுசெஞ்சு அங்க சண்டை போடாத."

அக்கா என்றால் என் நாத்தனார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். எப்போது போன் செய்தாலும் அவள் புருஷன்தான் எடுப்பார், ஸ்பீக்கரில் போடுவார், அவள் "ம்" என்பாள். தலைக்கனம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருந்தாள். கையில் ஒரே ஒரு பை, மார்க்கெட்டுக்குப் போகிற பை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதென்ன அண்ணி, என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக எனக்கே நீங்க துணையா?"

அவள் திரும்பிக் கழிப்பறைக்குள் போனாள். விடாமல் பின்னாலேயே போனேன், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. கை கழுவும் இடத்தில் போனைத் திறந்து சிம் கார்டை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எங்க போடறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். தம்பிதான், பிள்ளைங்களோட சேத்துப் போட்டா கூட ஆள் இருக்கும், பயம் தெரியாதுன்னான். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கெஞ்சினேன். உங்க அம்மா வீடும் என் புருஷனோட அக்கா வீடும் ஒரே தெரு."

அதுவும் நியாயம்தான். ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை. இன்னும் இறங்கவில்லை.

விமானத்தில் அவளும் பிள்ளைகளும் நடுவில் ஒரே வரிசை. நான் கடைசியில், கழிப்பறை வாடையோடு. அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நடைவழியோரம் இருந்தவரிடம் இடம் மாற்றித் தரும்படி கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "கால் நீட்ட நான் காசு கட்டி வாங்கின சீட்டும்மா. எல்லாரும் பிள்ளையைக் காட்டித்தான் கேக்கறாங்க." என்னைப் போலவே யாரையும் நம்பாத ஒரு ஜென்மம்.

நாத்தனார் எழுந்தாள். "நீ உக்காரு. நான் பின்னாடி போறேன்."

சின்னவன் அவள் கையைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவள்தான் அவன் கையைப் பிடித்திருந்தாள். நகம் வெளுத்திருந்தது.

"வேணாம் அண்ணி. நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். பாதிப் பயணத்தில் பெரியவள் என் இருக்கைக்கு வந்து நின்றாள். "அம்மா, அத்தை கண்ணையே திறக்க மாட்டேங்கறாங்க. தம்பி கதை சொல்லிட்டிருக்கான்."

"ஒன்னுக்கு வருதுன்னானா?"

"அத்தை காதுல சொன்னான். அவங்களே கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க."

மார்ச் 19

அவரோடு இன்னும் பேச்சு இல்லை. தட்டை மட்டும் நகர்த்துகிறேன்.

ஏப்ரல் 2

பேசிவிட்டேன். "என்னை நம்பலையே நீங்க" என்றேன். "நீ என்னை நம்புனியா?" என்றார்.

மே 9

மத்தியானம் நாத்தனார் புருஷனிடமிருந்து போன். எப்படியோ என் புது நம்பரைப் பிடித்திருக்கிறார். குரலில் எப்போதும்போல் பணிவு.

"அவ அங்க வந்தாளாம்மா?"

அண்ணி அடுப்படியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"இங்கயா? இங்க எப்படி அண்ணே வருவாங்க? தனியா பஸ்ஸுல ஏறவே பயப்படுவாங்களே."

"பொய் சொல்ற மாதிரி தெரியுதே."

"சந்தேகமா இருந்தா வந்து பாத்துட்டுப் போங்க."

போனை வைத்தேன். அண்ணி கையில் ஈர அரிசியோடு வாசற்படியில் நின்றாள்.

"வரச்சொல்லிட்டியே."

"வரமாட்டாரு அண்ணி. சந்தேகப்படறவங்க போன்தான் பண்ணுவாங்க, டிக்கெட் போட மாட்டாங்க. எனக்குத் தெரியாதா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். கொஞ்சம் கட்டைக் குரல், என் வீட்டுக்காரர் சிரிப்பு மாதிரியே.

சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குப் போய்க் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வந்தோம்.